ஏழாம் பாதை முதுகில் வந்த வருஷம்

பியாத்ரா சுர்தா நிலக்கரிச் சுரங்கத்தின் ஏழாம் பாதை, வளைவுகளும் கிளைகளும் பிசகாமல், பிப்ரவரி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை தொழிலாளி கவ்ரிலாவின் முதுகில் சிவப்புக் கோடுகளாக வந்தது. ஷிப்ட் முடிந்து குளிக்கும்போது ஒருவர் முதுகை இன்னொருவர் தேய்த்துவிடுவது அங்கே வழக்கம். அப்படித்தான் கண்ணில் பட்டது. புதன்கிழமை, ஏழாம் பாதையில் வேலை செய்த இருபத்திரண்டு பேர் முதுகிலும் அதே படம், அதே அரிப்பு.

டாக்டர் ஸ்மராண்டா ஒருவரையும் விடாமல் பார்த்தாள். பூச்சி இல்லை, ஈரல் கெடவில்லை, ரத்தம் சுத்தம். காரணம் தெரியாத அரிப்பில் கை எட்டும் இடமெல்லாம் கீறியிருக்கும். எட்டாத நடுமுதுகு மட்டும் தப்பியிருக்கும். இவர்களுக்கு நடுமுதுகு மட்டும்தான் கீறியிருந்தது. தினமும் மெல்லிய தாளை முதுகில் வைத்துக் கோடுகளைப் பென்சிலால் எடுத்துத் தேதி போட்டாள். நான்கு நாள் தாள்களை அடுக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பாதையின் முனை நாளுக்கு ஒரு விரற்கடை குறைந்துகொண்டே வந்தது. இன்னும் ஒன்பது நாளில் ஒன்றும் மிஞ்சாது. அந்த முதுகுகளில் ஒன்று அவள் புருஷன் அவ்ரமுடையது.

சுரங்க மேலாளர் தாள்களைத் தொடக்கூட இல்லை. “அரிப்புக்கெல்லாம் லீவு குடுத்தா கரியை யாரு வெட்டுறது டாக்டரம்மா, உங்க ஸ்டெதாஸ்கோப்பா?”

லீவுப் படிவத்தில் காரணம் தெரியாத நோய்க்கு இடம் கிடையாது. சிரங்குக்கு இருந்தது: ஒன்றாகக் குளிப்பவர்கள் அத்தனை பேரும் பதினாலு நாள் கீழே இறங்கக் கூடாது. இருபது வருஷம் பொய் எழுதாத கை, சிரங்கு என்று இருபத்திரண்டு முறை எழுதியது.

“ஊரே சிரிக்கும்டி. எவனும் எங்கூட ஒக்காந்து குடிக்க மாட்டான்,” என்றான் அவ்ரம்.

“சிரிக்கட்டும். அதைக் கேக்குறதுக்கு நீ இருப்பே.”

கந்தகக் களிம்பின் நாற்றத்தோடு வீட்டில் கிடந்தார்கள். ஒன்பதாம் நாள் மத்தியானம் தரை ஆடியது. மேஜை மேலிருந்த பிளம் சாராயக் கோப்பைகள் நகர்ந்து விழுந்தன. ஏழாம் பாதை முழுக்க உட்கார்ந்துவிட்டது. உள்ளே ஆள் இல்லை. அதே நிமிஷம் இருபத்திரண்டு முதுகுகளும் சுத்தமாயின. அவ்ரமின் சட்டைப் பொத்தான்களை அவள்தான் ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள்.

அன்றிலிருந்து திங்கட்கிழமைதோறும், இறங்குவதற்கு முன் எல்லோரும் டாக்டர் முன்னால் சட்டையைக் கழற்றி நின்றார்கள். பதினோரு வருஷத்தில் இன்னும் மூன்று பாதைகள் விழுந்தன, யார் மேலும் இல்லை. மேலாளரும் கேள்வி கேட்கவில்லை; மெல்லிய தாள் கூடுதலாக வாங்கிக் கொடுத்தார், அவ்வளவுதான்.

பன்னிரண்டாம் வருஷம் வசந்தத்தில் ஒரு திங்கட்கிழமை, ஸ்மராண்டாவுக்கு நடுமுதுகு அரித்தது. நர்ஸ் ஔரிகா தாளை வைத்து எடுத்தாள். சுரங்கப் பாதை அல்ல. ஒரு மாடிப்படி, ஏழு அறைகள், ஒரு நடைவழி: அவர்கள் நின்றுகொண்டிருந்த ஆஸ்பத்திரி. நடைவழியின் முனையில் மூன்று விரற்கடை ஏற்கெனவே இல்லை.

“என்னன்னு எழுதட்டும் டாக்டரம்மா?” ஔரிகா லீவுப் படிவத்தை எடுத்தாள்.

“சிரங்கு. பதினாலு நாள். உன் பேரையும் போட்டுக்கோ. படுக்கையில இருக்குற எல்லார் பேரையும் போடு.”

பொழுது சாய்வதற்குள் கட்டில்கள் வெளியே வந்துவிட்டன. சுரங்கக்காரர்கள் தள்ளுவண்டிகளோடு வந்து நின்றார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. எந்த நோயாளியை முதலில் ஏற்றுவது என்று மட்டும் கேட்டார்கள்.