முதல் போணி

தூக் வானுக்கு ஊரில் யாரையும் பிடிக்காது. பழைய அரச வம்சத்தின் பட்டம் அவள் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருந்தது. ஹுவே நகரில் தடுக்கி விழுந்தால் அப்படி ஒரு பட்டக்காரர் மேல்தான் விழ வேண்டும். ஆனால் இவளோ, நேற்றுத்தான் அரண்மனையிலிருந்து இறங்கி வந்து நூடுல்ஸ் கடையில் கரண்டி பிடித்தவள் மாதிரி நடந்துகொள்வாள். ஹனோய்க்காரர்களின் சூப் இவளுக்குக் கழுநீர். தெற்கத்திக்காரர்கள் சர்க்கரை போட்டுச் சமைப்பது பாயசம். எதிர்ச்சாரிக் கடையைப் பற்றிப் பேச வாயைத் திறப்பதே தண்டம்.

இவளுடைய ஒரே மகள் உயென், தெற்கே கன்தோவில் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் கியெட்டைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள்.

"நாளைக்குக் காலைல நம்ம கடைக்கு வராரும்மா. பார்த்துட்டுச் சொல்லு. நீ சம்மதிக்காம வேண்டாம்னுதான் இருக்கேன்."

"பாயசக்காரனா?" என்றாள் தூக் வான். அவளைப் பொறுத்தவரை பேச்சு அதோடு முடிந்தது.

கடை என்பது வீட்டின் முன்னறைதான். நடைபாதை வரை குட்டை பிளாஸ்டிக் முக்காலிகள். மறுநாள் கியெட் எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டான். அதுவே கோளாறு. முதல் போணி செய்பவன் ராசிதான் அன்றைய வியாபாரம்; விவரம் தெரிந்த ஹுவேக்காரன் அடுத்தவர் கடையில் முதல் ஆளாகப் போய் நிற்கத் தயங்குவான். வந்தவன் வாங்காமல் போனால், கடைக்காரி காகிதத்தைக் கொளுத்திச் சுற்றிப் பீடை கழிப்பாள்.

"நான்தான் முதல் ஆளா அத்தை?" பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"யாருக்கு யாருடா அத்தை? உட்காரு."

அரிசி நூடுல்ஸ், மாட்டுக்கறி, பன்றிக்கால், அதன் மேல் எலுமிச்சம்புல் மணக்கும் கொதிக்கிற சூப். எல்லாம் ஒழுங்காகத்தான் போட்டாள். பிறகு எண்ணெயில் வதக்கிய மிளகாய் விழுதை எடுத்தாள். வழக்கமாக அரைக் கரண்டி. இப்போது கிண்ணம் முழுக்கச் சிவக்கும் வரை போட்டாள்.

கறி நறுக்கிக்கொண்டிருந்த உயென் நிமிர்ந்தாள். "அம்மா, அது நம்மாலயே திங்க முடியாது."

"விருந்தாளிக்குக் குறைச்சலா வைக்கலாமா?"

முதல் வாயிலேயே கியெட்டுக்குக் காது சிவந்தது. கண்ணிலும் மூக்கிலும் ஒழுகியது. "கொஞ்சம் சர்க்..." என்று ஆரம்பித்தவன் உயென் முகத்தைப் பார்த்து அப்படியே விழுங்கிக்கொண்டான். பாவி மனுஷன், தண்ணீர்கூடக் கேட்கவில்லை. கடைசியில் கிண்ணத்தைத் தூக்கி அடிவரை குடித்தான்.

"பிரமாதம் அத்தை." குரலே எழும்பவில்லை, காற்றுதான் வந்தது. காசை வைத்துவிட்டு, சந்தையில் பழம் வாங்கி வருவதாகச் சொல்லிப் போனான்.

அவன் நடைபாதையை விட்டு இறங்கக்கூட இல்லை, அதற்குள் தூக் வான் செய்தித்தாளை முறுக்கிக் கொளுத்தி, அவன் உட்கார்ந்த முக்காலியைச் சுற்றினாள்.

"அம்மா! அவரு சாப்பிட்டுக் காசும் குடுத்துட்டாரு!"

"அத்தனை காரத்தையும் சொட்டு விடாம குடிச்சிருக்கான். நாக்குன்னு ஒண்ணு இருக்கறவன் குடிப்பானா? மாடுகூட மூஞ்சியைத் திருப்பிக்கும்."

"பாதியில வெச்சிருந்தா?"

"கையாலாகாதவன்னு துரத்தியிருப்பேன்."

"அப்ப அவரு என்னதான் பண்ணியிருக்கணும்? சொல்லு. திரும்பக் கூட்டிட்டு வந்து செய்யச் சொல்றேன்."

தூக் வான் வாயைத் திறந்தாள். உலகத்தில் எதற்கும் அவளிடம் ஒரு வசவு தயாராக இருக்கும். ஒரு மருமகன் என்ன செய்தால் சரி என்பதற்கு மட்டும் பதில் வரவில்லை.

உயென் எரிகிற காகிதத்தின் மேல் தண்ணீரை ஊற்றினாள். மேலாடை மேல் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மேசையில் போட்டாள்.

"உன் சம்மதத்துக்காகக் காத்திருந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்." சந்தைப் பக்கம் வேகமாக நடந்தாள்.

கூட்டம் வர ஆரம்பித்தது. தினமும் வருகிற முடிதிருத்துகிற துவாய், "பொண்ணு எங்க?" என்றார்.

"எஞ்சின் எண்ணெய் நாத்தம் பிடிக்கப் போயிருக்கா." துவாய் சிரித்தார். அவளுக்குத் திருப்தியாக இருந்தது. அடுத்து வந்தவரிடமும் அதையே சொன்னாள். அவரும் சிரித்தார். கிண்ணங்கள் நிறைய நிறைய, இன்னும் உரக்கச் சொன்னாள்.

கறித் தட்டு காலியானது. திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டினாள்.

"உயென், கறி எடு!"

கடை முழுக்கக் கேட்டது. நீட்டிய கை அப்படியே நின்றது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.