மாமியாரின் மெமரி கார்டு

கணினித் திரையின் நடுவே ஒரு சிறு கட்டம் எழும்பி நின்றது. இந்தக் கார்டைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்துவிடலாமா என்று அது மிகவும் பணிவாகக் கேட்டது. மருமகள் சரி என்பதை அழுத்தினாள். பச்சைக் கோடு ஒன்று மளமளவென்று ஓடி முடிந்தது. என்ன காரியம் செய்துவிட்டோம் என்பது அதற்குப் பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அது மாமியாருடைய கேம் மிஷினின் கார்டு.

அந்த மிஷின் வீட்டுக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. மாமியார் பெரிய மருத்துவமனை ஒன்றின் ஆபரேஷன் தியேட்டரில் தலைமை நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். குளியலறையில் வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டைப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது. விரல்கள்தாம் மடங்க மறுத்தன. பிசியோதெரபி டாக்டர் அமுக்கிப் பழகுவதற்கு ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தனுப்பினார். "நான் என்ன நாய்க்குட்டியா, பந்து போட்டு விளையாட்டு காட்ட?" என்று மாமியார் அதைச் செருப்பு அலமாரிக்குள் விட்டெறிந்தார். வேறு வழி தெரியாமல்தான் மகன், இரண்டு கைகளுக்குள் அடங்கும் அந்தப் பழைய கால கேம் மிஷினை வாங்கி வந்தான்.

அதில் ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் இருந்தன. மாமியார் ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொண்டார். கையில் விளக்கேந்திய ஒரு குட்டி மனிதன் குகை குகையாகக் கீழே இறங்கிப் போவான். அவனைக் குதிக்க வைக்கவும் ஓட வைக்கவும் வலது கை விரல்கள் வேலை செய்தே ஆக வேண்டும். முதலில் கட்டைவிரல் வழிக்கு வந்தது. பிறகு ஆள்காட்டி விரல் மெல்ல மடங்கத் தொடங்கியது. "இப்ப மட்டும் விட்டுடாதீங்கம்மா. இந்த நேரத்துல சும்மா விட்டா விரல் இப்படியே நின்னு போயிடும்" என்று டாக்டர் எச்சரித்திருந்தார். மாமியாரும் விடவில்லை. கடைசிக் குகையின் வாசல்வரை வந்திருந்தார்.

அந்த வாசலைத்தான் மருமகள் இப்போது அழித்துவிட்டாள்.

இத்தனைக்கும் அவள் காப்பாற்றத்தான் போனாள். மிஷினோடு வரும் கார்டு மட்டமானது, எந்நேரத்திலும் உயிரை விட்டுவிடும், எல்லாவற்றையும் நல்ல கார்டுக்கு மாற்றிவிடுங்கள் என்று விளையாட்டுப் பிரியர்கள் இணையத்தில் தலைப்பாடாய் அடித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் படித்த நாளிலிருந்து அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மாமியார் நாத்தனாரோடு பிசியோதெரபிக்குப் போயிருந்த நேரம் பார்த்து, புதிய கார்டு ஒன்றுடன் கணினி முன் உட்கார்ந்தாள். மிஷின் எழுதிவைக்கும் முறை வேறு, வீட்டுக் கணினி படிக்கும் முறை வேறு. தனக்குப் படிக்கத் தெரியாததையெல்லாம் பாழ் என்று முடிவு கட்டுவது கணினியின் குணம். இது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

விளையாட்டுகள் மிஷினின் இன்னொரு கார்டில் பத்திரமாக இருந்தன. மிஷினை எழுப்பும் மென்பொருளும், மாமியார் எதுவரை ஆடியிருந்தார் என்னும் பதிவும்தான் போய்விட்டன.

தொலைந்ததை மீட்டுத் தரும் மென்பொருள் ஒன்றை ஓட்டிப் பார்த்தாள். அது கார்டு முழுவதையும் சல்லடை போட்டுத் தேடிவிட்டு ஒன்றுமில்லை என்று கைவிரித்தது. உடனே கணவனுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, ஒரு பெரிய தப்பு நடந்து போச்சு."

"என்ன, கேஸ் கசியுதா?"

"அத்தையோட கேம் அழிஞ்சு போச்சு."

மறுமுனையில் ஏதோ கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

"லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். எனக்கு இன்னிக்கு ஓவர்டைம்னு அம்மாகிட்ட சொல்லிடு. நாளைக்கும் ஓவர்டைம்."

"விளையாடாதீங்க. கோவத்துல மிஷினையும் அந்தப் பந்து மாதிரி தூக்கிப் போட்டுட்டாங்கன்னா, அவங்க கை என்ன ஆகும்?"

கணவன் குரலைத் தாழ்த்தினான். "இங்க பாரு, அதே கேமை ஆடினவங்க அவங்க சேவ் ஃபைலை நெட்ல போட்டிருப்பாங்க. கடைசிக் குகைக்கு முன்னாடி இருக்கிறதா ஒண்ணை எடுத்துப் போட்டுடு. அம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

அவள் அப்படியே செய்தாள். மிஷினுக்கான மென்பொருளைப் புதிய கார்டில் ஏற்றினாள். யாரோ முகம் தெரியாத ஒருவருடைய பதிவை இறக்கி அதில் வைத்தாள். மிஷின் எழுந்தது. விளக்கேந்திய மனிதன் கடைசிக் குகை வாசலில் சாதுவாக நின்றான். அப்பாடா என்று மூச்சு விட்டவள், அவனுடைய பையைத் திறந்து பார்த்ததும் வெலவெலத்துப் போனாள். மாமியாருடைய ஆளிடம் இருந்தவை பழைய கயிறும் பாதி எண்ணெயும்தான். இவனோ தங்க ஏணி, வெள்ளிக் கோடரி என்று கல்யாண மாப்பிள்ளை போல நின்றான். ஆபரேஷனில் வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன் ஒவ்வொரு பஞ்சையும் எண்ணிச் சரிபார்த்தே பழகிய பெண்மணி, இதைப் பார்க்காமலா விடப்போகிறார்? பிடிபட்டால் தப்போடு பித்தலாட்டமும் சேர்ந்துகொள்ளும்.

அந்தப் பதிவை அவள் அழித்த அதே வேளையில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

"அண்ணி, டாக்டர் அம்மாவைப் பாராட்டு பாராட்டுன்னு பாராட்டிட்டார்!" என்றபடி நாத்தனார் உள்ளே வந்தாள். "என்ன, முகம் பேயடிச்ச மாதிரி இருக்கு? அண்ணன்கூட சண்டையா?"

மாமியார் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். "அவனோட சண்டை போட யாருக்கு நேரம் இருக்கு? மிஷினை எடும்மா. இன்னிக்குக் கடைசிக் குகைல இறங்கிடறேன்."

மருமகள் மிஷினை எடுத்து வந்தாள்.

"அத்தை, அதுல நீங்க ஆடினது இல்ல. கார்டு மாத்தலாம்னு கம்ப்யூட்டர்ல போட்டேன். அது ஏதோ கேட்டுச்சு, நான் சரின்னுட்டேன். எல்லாம் போயிடுச்சு. என் தப்புதான்."

மாமியார் குரல் உயர்த்துபவர் அல்லர். அவர் பேசாமல் நிமிர்ந்து பார்த்தாலே ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர்கள் கூட வாயைப் பொத்திக்கொள்வார்கள் என்று வீட்டில் சொல்வதுண்டு. இப்போது அப்படித்தான் பார்த்தார். திட்டிவிட்டால் தேவலை என்று மருமகளுக்கு இருந்தது.

"எல்லாமேவா?" என்றார் கடைசியில்.

"எல்லாமே அத்தை."

"சரி. நீதானே அழிச்சே? நீயே முதல்லேர்ந்து ஆடி, நான் நின்ன இடத்துல கொண்டு வந்து விடு. அதுவரைக்கும் இது என் கண்ணுல படக் கூடாது."

"நியாயம்தானே அண்ணி" என்றாள் நாத்தனார், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "இவ்ளோதானேன்னு ஒத்துக்கிட்டுத் தப்பிச்சுக்கோங்க."

உண்மையில் இது வரம் போலத்தான் இருந்தது. சரி அத்தை என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் போதும். அந்தச் சொல் தொண்டைவரை வந்தும் விட்டது. அப்போது மாமியாரின் மடி அவள் கண்ணில் பட்டது. பாதி மடங்கிய வலது கை விரல்களை இடது கை மூடி மறைத்துக்கொண்டிருந்தது. அந்த வாசலுக்கு அவர் வந்து சேரவே எத்தனையோ வாரங்கள் ஆகியிருந்தன. இவள் ஆடி முடிக்கும்வரை அந்த விரல்கள் சும்மா கிடக்கும்.

"மாட்டேன் அத்தை."

"அண்ணி!" என்று நாத்தனார் பதறினாள்.

"என்ன சொன்னே?" என்றார் மாமியார்.

மருமகள் மிஷினை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "நான் ஆட மாட்டேன். திட்டுங்க, பேசாம இருங்க, என்ன வேணா பண்ணுங்க. நான் ஆடினா என் விரல்தான் மடங்கும். நீங்கதான் ஆடணும்."

"தப்பும் பண்ணிட்டு எதிர்த்தும் பேசறியா?"

"ஆமாம் அத்தை" என்றாள் அவள். அவ்வளவு பயத்திலும் அது ஒன்றுதான் வந்தது.

மாமியாரின் வலது கை விருட்டென்று உயர்ந்தது. அடிதான் விழப்போகிறது என்று மருமகள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அடி விழவில்லை. மிஷின் அவள் கையிலிருந்து பிடுங்கப்பட்டது. கண்ணைத் திறந்தபோது அது மாமியாரின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே ஆடிக்கொண்டிருந்தது. கீழே விழுந்துவிடுமோ என்று தாங்கப் போனாள்.

"கையை எடு."

எடுத்துக்கொண்டாள்.

முதல் குகை. முதல் வௌவால் வந்த வேகத்தில் விளக்கேந்திய மனிதன் மல்லாந்தான். "ஒழிஞ்சான்" என்றார் மாமியார், பல்லைக் கடித்துக்கொண்டு. மறுபடி ஆடலாமா என்று திரை கேட்டது. ஆள்காட்டி விரல் நடுங்கியபடி வளைந்து, பொத்தானைத் தேடி அழுத்தியது. குட்டி மனிதன் எழுந்து நின்றான்.

"மரம் மாதிரி நிக்காதே. வெளிச்சம் மறைக்குது, நகரு."

மருமகள் நகர்ந்துகொண்டாள்.