நடுக் கார்பன்

ஒரு கழித்தல் குறியை அழிக்க ஒரு நொடி போதும். ஷர்லி மூன்று நாள் எடுத்துக்கொண்டாள்.

புதுக்கோட்டைக் கல்லூரியில் ஐந்து வருடமாக அவள் ஆராய்ந்தது காந்தத் தன்மையுள்ள ஒரு கரிமச் சேர்மத்தை. பார்க்கக் கருநீலப் படிகம். அதன் மூலக்கூறில் ஜோடி சேராத எலக்ட்ரான் ஒன்று உண்டு. அந்த எலக்ட்ரானின் ஸ்பின், அதாவது காந்தச் சுழற்சி, ஓரிடத்தில் உட்காராது; இரண்டு ஓரத்து நைட்ரஜன், ஆக்ஸிஜன் அணுக்களில் பெரும்பகுதி பரவி நிற்கும். நடுவில் இருக்கும் கார்பனில் கொஞ்சம், அதுவும் தலைகீழாக, கழித்தல் குறியோடு. மாமனாரும் மாமியாரும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்தால், நடுவில் அகப்பட்ட மருமகள் மறுபக்கம் திரும்பிக்கொள்வது போல என்று அப்பாவுக்குச் சொல்லியிருந்தாள். ஆவூரில் நிலக்கடலை பயிரிடும் அப்பா ஆரோக்கியதாசுக்கு அந்த மருமகள் மட்டும் நன்றாகப் புரிந்தாள். ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

வினை அந்தக் கார்பனில்தான் வந்தது. அவளுடைய நெறியாளர் ரெங்கசாமி, பதினோரு வருடத்துக்கு முன் இதே சேர்மத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில் அதற்கும் கூட்டல் குறியே போட்டிருந்தார். அவரிடம் இருந்த கருவி அளவைச் சொல்லும், திசையைச் சொல்லாது. ஷர்லி திருச்சிக்குப் போய் வேறொரு கருவியில் எடுத்துப் பார்த்தாள். சந்தேகமே இல்லை, மைனஸ். சார் சந்தோஷப்படுவார் என்று ஓடிவந்து காட்டினாள், அசடு.

“இந்தா பாரும்மா. என் பேப்பர்ல பிளஸ், ஒன் தீசிஸ்ல மைனஸ். ரெண்டுலயும் என் பேரு இருக்கு. நான் எதுக்குக் கையெழுத்துப் போட?”

“டேட்டா அப்புடித்தான் சார் சொல்லுது.”

“அப்ப டேட்டாகிட்டயே கையெழுத்து வாங்கிக்க.”

இலுப்பூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் ஜூன் வரை அவளுக்காக ஒரு வேலையை ஒதுக்கிவைத்திருந்தார்கள். பட்டம் இருந்தால்தான் வேலை. கையெழுத்து இருந்தால்தான் பட்டம். அட்டவணையில் குறியை அழித்தாள். விளக்கத்தையும் மாற்றி எழுதினாள். ஸ்பின் பரவலைக் காட்டும் வண்ணப்படத்தில் மட்டும், கூட்டலுக்கான நீலத்துக்கு நடுவே, கழித்தலுக்கான பச்சைப் பொட்டு அப்படியே இருந்தது. மறந்துவிட்டதாகத் தனக்கே சொல்லிக்கொண்டாள். உண்மையில் கை வரவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களுக்கும் ஒரு கூச்சம் இருக்கும் போல.

வாய்மொழித் தேர்வன்று அறையில் முப்பது பேர்; கேள்வி பதில் எல்லாம் இங்கிலீஷில். முதல் வரிசையில் அப்பா, சலவைச் சட்டையில். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மாள் பக்கத்தைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

“படத்துல நடுக் கார்பன் பச்சையா இருக்கு. டேபிள்ல பிளஸ். எதும்மா சரி?”

ஷர்லி ரெங்கசாமியைப் பார்த்தாள். அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

“மைனஸ்தான் வரும்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன் மேடம். புள்ளைக்கு அவசரம்.”

அறை சிரித்தது. குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம். ‘சார்தான்’ என்று தொடங்கப்போன ஷர்லி, திருத்திய ஆய்வேட்டுக்கும் இதே மனிதர்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்பதை நினைத்து விழுங்கிக்கொண்டாள்.

“என் தப்புதான் மேடம்.”

திருத்திக் கொடுத்து, டிசம்பருக்குள் மறுபடி தேர்வுக்கு வரச் சொன்னார்கள். இலுப்பூர் வேலை போயிற்று.

தேர்வு எப்படி முடிந்தாலும், வந்தவர்களுக்குச் சாப்பாடு போடுவது மாணவர் வீட்டார் பொறுப்பு. ஆரோக்கியதாசுக்கு இங்கிலீஷ் தெரியாது. எல்லோரும் சிரித்ததால் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்துவிட்டார். கல்லூரி மரத்தடியில் அடுப்பு மூட்டிச் சமைத்ததை, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு அவரே பரிமாறினார். முதல் இலை ரெங்கசாமிக்கு.

“சாரு இல்லேன்னா எம்புள்ளைக்கு ஏதுங்க இதெல்லாம்.”

“நல்ல புள்ள. கொஞ்சம் கவனம் பத்தாது, அவ்வளவுதான்.”

“ஷர்லி, இங்கிட்டு வா. சாருக்கு ஒன் கையால கொழம்பு ஊத்து.”

அவள் வந்தாள். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய குழம்பு. ஒரு கரண்டி ஊற்றினாள். இன்னொன்று மொண்டாள். ரெங்கசாமி போதும் என்று இலைக்கு மேலே கையை விரித்தார். கரண்டி அந்தக் கைக்கு நேர்மேலே, ஆவி பறக்க, லேசாகச் சாய்ந்து நின்றது.