ரப்பர் நடித்த கோல்கீப்பர்

அந்தப் படத்தில் கோல்கீப்பருக்கு மேக்கப் போட்டவன் நான். படம் தியேட்டரில் ஓடி முடிந்து, டிவியிலும் மூன்று தடவை போட்டுவிட்டார்கள். இன்னமும் யாராவது அந்த ஆளின் முகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவேன். ஒரே ஒரு தடவை, நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

கதை இதுதான். குடிநீர் வாரிய ஊழியர்களுக்கு ஒரு கால்பந்து அணி. முப்பத்தொரு ஆட்டம் வரிசையாகத் தோற்ற அணி. அதன் கோல்கீப்பர், ஆபீஸில் ஃபைல் அடுக்குகிற குமாஸ்தா. பிறந்ததிலிருந்து ஒரு பந்தைக்கூடப் பிடித்தது கிடையாது. கடைசி ஆட்டத்தில் மூஞ்சியால் ஒரு பந்தைத் தடுத்து ஜெயிக்கவைத்துவிடுகிறான். இரண்டு மணி நேரம் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம், அவ்வளவுதான்.

குமாஸ்தாவாக நடித்தவனை நாங்கள் ரப்பர் என்போம். கன்னத்தை ஒரு பக்கமாக இழுத்து, கண்ணை உருட்டி, கீழுதட்டால் மூக்கைத் தொடுவான். இருபது வருஷமாக ஹீரோவின் நண்பன், அறை வாங்குகிற மாப்பிள்ளை, நாய் துரத்துகிற தபால்காரன். நாற்பத்தாறு வயதில்தான் முதல் தடவையாக போஸ்டரின் நடுவில் நிற்கப்போகிறான். டைரக்டருக்கும் அது முதல் படம். முப்பதுகூட ஆகாத பெண், அவனை ‘அண்ணே’ என்று கூப்பிடுவாள்.

ரப்பரின் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃப்ரேம் பொருத்துகிற வேலை பார்த்தாள். என்னை ‘அண்ணா’ என்பாள். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது, அதனால் அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கும். படத்துக்கு முந்தின மாதம் அவர்கள் வீட்டுக்குப் போனபோதெல்லாம் ஒத்திகை நடந்துகொண்டிருக்கும். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கிற நடையில் ரப்பர் கையை விரித்துக்கொண்டு நிற்பான். அவள் சாக்ஸைச் சுருட்டிச் சுருட்டி எறிவாள். அவன் பாய்ந்து விழ வேண்டும், பிடிக்கக் கூடாது.

“பாருங்க, பிடிச்சுட்டீங்க. பிடிக்கத் தெரியாதுன்னுதானே உங்களை ஹீரோவா போட்டிருக்காங்க?”

“கைக்கு நேரா எறிஞ்சா நான் என்ன பண்றது?”

“இன்னும் சிரிப்பு வரல. மறுபடி விழுங்க.”

லேசில் சிரித்துவிட மாட்டாள். அவள் சிரித்தால் தியேட்டர் சிரிக்கும் என்பது ரப்பரின் கணக்கு. பெரும்பாலும் தப்பினது இல்லை.

நாற்பது நாள் படப்பிடிப்பு. இருபத்திரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, மூக்கு வீங்கின சீன். பந்து பட்டு மூக்கு கத்தரிக்காய் மாதிரி ஆகியிருக்க வேண்டும். லேடெக்ஸில் ஒரு மூக்கு செய்து, பிசின் தடவி ஒட்டி, மேலே சிவப்பும் ஊதாவும் பூசினேன். ஒட்ட நாற்பது நிமிஷம் ஆகும். கழற்றுவதென்றால் ஸ்பிரிட் தொட்டுத் தொட்டுப் பத்து நிமிஷம். பதினொன்றரை மணிக்கு அவன் போன் அடித்தது. கண்ணாடிக் கடை முதலாளி.

ஸ்டூலில் ஏறி ஒரு பெட்டியை எடுத்தாளாம். தலை வலிக்கிறது என்று கீழே உட்கார்ந்தாளாம். அப்புறம் பேசவில்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறோம் என்றார்.

ரப்பர் அப்படியே வண்டியை நோக்கி ஓடினான். நானும் ஏறிவிட்டேன். பாதி வழியில்தான் அவன் மூக்கைத் தொட்டுப் பார்த்தான்.

“இத கழட்டு.”

“ஸ்பிரிட் கிரவுண்டுலயே இருக்கு ரப்பரு.”

அவன் கையுறையோடேயே ஓரத்தைப் பிடித்து இழுத்தான். தோல் கூடவே வந்தது. “விடு, ரத்தம் வந்துடும்,” என்று கையைப் பிடித்துக்கொண்டேன். மேக்கப் பெட்டியைக் கையோடு தூக்கிக்கொண்டு வந்திருக்கலாம். இருபத்தேழு வருஷத்தில் அந்தப் பெட்டி இல்லாமல் நான் வண்டியில் ஏறினது அந்த ஒரு தடவைதான்.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளிக்கு அவனை அடையாளம் தெரிந்துவிட்டது. “சார், இங்கயா ஷூட்டிங்? கேமரா எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?” என்று சிரித்தபடியே கதவைத் திறந்துவிட்டார். உள்ளே பெஞ்சில் கட்டுப்போட்ட காலோடு இருந்த ஒருவர் போனை எடுத்து போட்டோ பிடித்தார். ஒன்றாம் நம்பர் ஜெர்சி, முட்டிவரை சேறு, ஊதா நிறத்தில் மூக்கு. அவர்களைத் தப்புச் சொல்ல முடியாது.

டாக்டர் சின்னவர். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது, வரும்போதே உயிர் இல்லை என்பதை ரப்பரின் தலைக்கு மேலே இருந்த சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தார். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிந்திருக்காது. கையெழுத்துப் போட வேண்டிய தாளை நீட்டினார்கள். ரப்பர் கோல்கீப்பர் கையுறைகளைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, எந்த இடத்தில் போட வேண்டும் என்று கேட்டுப் போட்டான்.

அப்போதுதான் அவன் மகளை டீச்சர் ஒருத்தர் கூட்டிக்கொண்டு வந்தார். பதினைந்து வயதுப் பெண். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். தாழ்வாரத்தின் அந்தக் கோடியிலிருந்து அப்பாவைப் பார்த்தாள், பார்த்ததும் சிரித்துவிட்டாள். அடக்க முடியாமல் வருகிற சிரிப்பு.

“என்னப்பா, இப்படியேவா வந்தே?”

அப்புறம் என்னைப் பார்த்தாள். என் கையில் இருந்த கையுறைகளைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

நர்ஸிடம் ஸ்பிரிட் கேட்டு வாங்கி, கை கழுவும் இடத்தில் அவனை நிற்கவைத்து மூக்கைக் கழற்றினேன். பத்து நிமிஷம். அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். பக்கத்தில் மகள் குழாயைப் பிடித்தபடி நின்றாள். மூக்கைக் குப்பைக்கூடையில் போட்டேன்.

மனைவி இறந்த ஒன்பதாம் நாள் அவன் படப்பிடிப்புக்கு வந்துவிட்டான். யாரும் கூப்பிடவில்லை. எதிரணியாக நடித்தவர்கள் நிஜ ஆட்டக்காரர்கள். மாதக் கடைசிக்குள் அவர்கள் கிளம்பியாக வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். “வீட்ல என்ன பண்றதுன்னு தெரியல,” என்று மட்டும் சொன்னான். நான் பவுடர் போடும்போது அவன் முகம் என் கையில் சும்மா இருந்தது. இருபது வருஷமாக நான் தொட்ட முகம். தொட்டால் ஏதாவது கோணங்கி பண்ணும், பிரஷ்ஷைக் கடிக்கும். அன்றைக்கு சுவருக்கு வெள்ளையடிக்கிற மாதிரி இருந்தது.

முதல் ஷாட்டில் பந்து அவனைத் தாண்டி வலைக்குள் போக வேண்டும். அவன் திகைத்துப்போய் முகத்தை இழுக்க வேண்டும். பந்து போனது, முகம் இழுபடவில்லை.

“அண்ணே, அந்த... உங்க முகம்...” டைரக்டர் கிட்டே வந்து மெதுவாகக் கேட்டாள்.

“ட்ரை பண்றேம்மா.”

ஐந்து டேக். கன்னத்தை விரலால் பிடித்து இழுத்துக்கூடப் பார்த்தான். விரலை எடுத்ததும் பழைய இடத்துக்குப் போய்விட்டது. ஆறாவதில் அவன் முயற்சி பண்ணுவதையே விட்டுவிட்டான். பந்து காதோரமாகப் போனது. நம்முடையது இல்லாத பஸ் ஒன்று ஸ்டாப்பைத் தாண்டிப் போனால் எப்படித் திரும்பிப் பார்ப்போமோ, அப்படித் திரும்பி வலையைப் பார்த்தான். பிறகு முன்னால் திரும்பி, அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி நின்றான்.

கேமராமேனின் தோள் குலுங்கியது. லைட் பிடிக்கிற ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கே சிரிப்பு வந்தது, அதை மறைக்கப் போவதில்லை. டைரக்டர் மட்டும் சிரிக்கவில்லை. மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இதையே வெச்சுக்கலாம்ணே, உங்களுக்குச் சரின்னா,” என்றாள். கண் கலங்கியிருந்தது.

“உனக்கு எது வேணுமோ எடுத்துக்கோம்மா.”

மீதி பதினெட்டு நாளும் அப்படித்தான் போனது. மூக்கு சீனை மறுபடி எடுப்பதாக இருந்தால் என்னால் முடியாது என்று சொல்லப் போனேன். “அத அன்னைக்கே தூக்கிட்டேன் சார்,” என்றாள் டைரக்டர்.

படம் வந்த மூன்றாம் நாள் மகள் எனக்கு போன் பண்ணினாள். “மாமா, அப்பாவும் நானும் படத்துக்குப் போறோம். நீங்களும் வாங்க.” மதியக் காட்சி. அவளுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ரப்பர். தியேட்டர் நிரம்பியிருந்தது.

சினிமாவைக் கதை வரிசையில் எடுக்க மாட்டார்கள். குமாஸ்தா ஆபீஸ் கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடுவது ஆறாம் நாள் எடுத்தது. கதவுக்கு அந்தப் பக்கம் மைதானத்தில் வந்து நிற்பது முப்பத்தைந்தாம் நாள். திரையில் இரண்டுக்கும் நடுவே கண் இமைக்கிற நேரம்கூட இல்லை. கதவைத் திறந்தவன் பெண்டாட்டி உயிரோடு இருக்கிறவன், வெளியே வந்தவன் வேறு. தியேட்டரில் யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஒட்டு தெரியாமல் வெட்டியிருந்தார்கள்.

அந்தக் கதவு ஷாட் போனதும் மகள் மெதுவாகச் சொன்னாள், “முன்னாடி. அப்புறம்.”

ரப்பர் தலையாட்டினான்.

அதிலிருந்து ஒவ்வொரு ஷாட்டுக்கும் சொல்ல ஆரம்பித்தாள். “முன்னாடி.” “அப்புறம்.” “இது அப்புறம்.” “இது முன்னாடி, வயிறு பெருசா இருக்கு.” சுற்றிலும் ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் ஒருவர் சிரித்துச் சிரித்து என் சீட்டை உதைத்துக்கொண்டே இருந்தார். அவள் பரீட்சையில் விடை சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டே வந்தாள், எல்லாமே சரி.

ஒரே ஒரு இடத்தில் தப்பினாள். கோல்கீப்பர் பெஞ்சில் உட்கார்ந்து, ஷூ லேஸைக் கையில் பிடித்தபடி எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பான். முகத்தில் ஒன்றும் இருக்காது.

“அப்புறம்,” என்றாள்.

“இல்ல, முன்னாடி. நாலாம் நாளு. அம்மா அன்னைக்கு வந்திருந்தா. கேமராவுக்குப் பின்னாடி நிக்கறா.”

“அப்ப ஏன் உன் மூஞ்சி இப்படி இருக்கு?”

“பசி.”

அவள் திரையை விட்டுவிட்டு அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அதற்கப்புறம் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

படம் முடிந்து பெயர்கள் ஓடின. ஜனங்கள் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். நாங்கள் மூவரும் உட்கார்ந்திருந்தோம்.

“மூக்கு சீன் வரலியேப்பா.”

“தூக்கிட்டாங்க.”

“அன்னைக்கு நான் உன்னப் பாத்து சிரிச்சேன்.”

“ஆமா.”

“அம்மா உள்ள இருந்தா. நான் சிரிச்சேன்.”

ரப்பர் கொஞ்சம் யோசித்தான். “சிரிக்கறதுக்குத்தான் மாமா அத ஒட்டினாரு,” என்றான். “நல்லா ஒட்டியிருந்தாரு.”

அவள் அவன் தோளில் சாயவில்லை. சுத்தம் பண்ணுகிற பெண்மணி விளக்குமாறோடு வந்து, காலைத் தூக்கச் சொன்னார். காலைத் தூக்கினோம்.

அதற்கப்புறம் பத்திரிகைகள் எழுதின. முகத்தில் ஒரு நரம்புகூட அசையாமல் சிரிக்கவைக்கிறார் என்றார்கள். இருபது வருஷமாக இந்த நடிப்பை எங்கே ஒளித்துவைத்திருந்தார் என்று ஒருவர் கேட்டிருந்தார். ரப்பர் அவற்றைப் படித்தான், மடித்து வைத்தான்.

ஒரு தயாரிப்பாளர் கூப்பிட்டு அனுப்பினார். நானும் கூடப் போனேன். குத்துச்சண்டை நடுவர் ஒருவரின் கதை. ஆட்டத்துக்கு நடுவே எல்லா அடியும் நடுவருக்கே விழும். நல்ல கதைதான்.

“ஒரே ஒரு கண்டிஷன். அந்தப் படத்துல குடுத்தீங்களே ஒரு முகம், அதே முகம் வேணும்.”

“அது என்னன்னு எனக்குத் தெரியாது சார். தெரிஞ்சா குடுத்துடுவேன்.”

“சும்மா இருந்தா போதுங்க.”

“சும்மாதான் இருந்தேன்,” என்றான் ரப்பர். டீயைக் குடித்து முடித்து, நன்றி சொல்லிவிட்டு எழுந்தான். தயாரிப்பாளர் என்னைத் தனியே கூப்பிட்டு, தலைக்கனம் ஏறிவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன்.

இரண்டு மாதம் கழித்து வேறொரு படத்தில் லாரி டிரைவர் வேஷம் வந்தது. மூன்று சீன். வசனம் இல்லை, தாடி உண்டு. அவன் ஒத்துக்கொண்டான். தாடிக்கு அளவெடுக்க நான் வீட்டுக்குப் போனபோது மகள் மேஜையில் புத்தகத்தைப் பரப்பி வைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள்.

“காமெடியா?” என்று கேட்டாள்.

“இல்ல. லாரி ஓட்டணும்.”

“உனக்கு ஓட்டத் தெரியுமா?”

“தெரியாது. கத்துக்குடுக்கறாங்களாம்.”

“பாத்து ஓட்டு,” என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள்.

திங்கட்கிழமை காலை லாரி ஷெட்டுக்குப் போனோம். உண்மையான லாரி டிரைவர் ஒருவர் அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். நான் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தேன். வண்டி இரண்டடி நகர்ந்து, உதறி, நின்றுபோனது. மறுபடி ஸ்டார்ட் செய்தான், மறுபடி நின்றது.

“சார், கிளட்ச்ச படக்குனு விடாதீங்க,” என்றார் டிரைவர். “மெதுவா. கால்ல ஒரு அதிர்வு தெரியும். அது தெரியறவரைக்கும் விடாதீங்க.”

“தெரியலியே.”

“தெரியும் சார். அவசரப்படாதீங்க.”

நாலாவது தடவை லாரி கேட்டைத் தாண்டி வந்து, என்னையும் தாண்டி, தெருவின் கடைசி வரைக்கும் போனது. அங்கே திருப்பத் தெரியாமல் நிறுத்திவிட்டு இறங்கி, வண்டியை இந்தப் பக்கம் திருப்பி நிறுத்தச் சொல்லி டிரைவரிடம் கேட்டுக்கொண்டு நின்றான்.