பதிமூன்றாவது பேனா

என் முதுகின் விலை ஒரு லட்சத்து இருபத்தொன்பதாயிரத்து அறுநூறு ரூபாய். வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை, காலண்டர் தாளின் பின்பக்கம் பெருக்கிப் பார்த்துச் சொல்கிறேன். ஒரு பேனா ஏழாயிரத்து இருநூறு, அப்படிப் பதினெட்டு. எழுதுகிற பேனா இல்லை, மருந்து அடைத்த ஊசிப் பேனா. ஒன்று இருபத்தெட்டு நாளைக்கு வரும். தினமும் சாயங்காலம் வயிற்றில் ஒரு குத்து.

கடலூர் துறைமுகத்தில் முப்பது வருஷம் மீன் கூடை சுமந்தவள் நான். ஐம்பத்தாறு வயதில் ஒரு குடம் தண்ணீரைத் தூக்கக் குனிந்தேன், நிமிர முடியவில்லை. சிதம்பரத்து எலும்பு டாக்டர் படத்தைத் தூக்கிப் பிடித்து, முதுகில் ரெண்டு எலும்பு நசுங்கிவிட்டது, இன்னும் ஒன்றிரண்டு போனால் படுக்கைதான் என்றார். நம் உடம்பில் ஊறுகிற சத்து ஒன்றைப் போலவே செய்து பேனாவில் அடைத்திருக்கிறார்களாம், அது எலும்பைப் புதுசாய்க் கட்டுமாம்.

"பதினெட்டு மாசம் விடாம போடணும்மா. பாதியில நிறுத்தினா ஏறின பலமும் கொஞ்சம் கொஞ்சமா இறங்கிடும்" என்றார்.

என் வீட்டுக்காரர் அப்போது வெளியே எக்ஸ்ரேவுக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் பதினெட்டு மாசம் என்பதை மட்டும் சொன்னேன். மற்றதைச் சொன்னால் மனுஷன் தூங்க மாட்டார்.

அவர் பெயர் சிங்காரம். நாற்பது வருஷமாகத் துறைமுகத்தில் ஐஸ் உடைத்து மீன் பெட்டி கட்டுகிறவர். அவர் கட்டின பெட்டியைக் கேரளாவில் திறந்தாலும் மீனின் கண் மங்கியிருக்காது என்பார்கள். வேறு எதற்கும் அவர் பெருமைப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பிரித்துவிட்டுத் தளம் போட ஒண்ணேகால் லட்சம் சேர்த்து வைத்திருந்தோம். "கூரை எங்க ஓடிப் போவப் போவுது?" என்று அந்தப் பணத்தை என் மடியில் வைத்தார். குறைந்ததற்கு நான் ஒரு சீட்டை எடுத்தேன். மருந்து வைக்க ஒரு பழைய ஃப்ரிட்ஜும் வந்தது. ஐஸ்காரன் வீட்டுக்கு முதல் ஃப்ரிட்ஜ் என்று தெருவே சிரித்தது.

இரண்டாயிரத்துப் பதினொன்று ஜனவரி கடைசியில் ஆரம்பித்தோம். சிதம்பரம் கீழ வீதியில் சுப்பராயலு என்பவரின் மெடிக்கலில் ஜெயராணி என்று ஒரு பெண் வேலை பார்த்தாள். எங்கள் பக்கத்துத் தெருக்காரி, தினமும் பஸ்ஸில் போய் வருகிறவள். மாதாமாதம் பேனாவைச் சின்ன ஐஸ் டப்பாவில் வைத்து அவளே கொண்டுவந்து கொடுப்பாள். ஊசி போட இவருக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். பன்னிரண்டு பேனா முடிந்தபோது நான் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நடந்தேன். இவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு வேலைக்குப் போனார்.

டிசம்பரில் என் கெட்டிக்காரத்தனம் குறுக்கே வந்தது. மீதி ஆறையும் மொத்தமாக எடுத்தால் நாலாயிரம் தள்ளுபடி என்று கடையில் சொன்னார்கள். நாலாயிரத்தை யார் விடுவார்? கையிலிருந்ததை வழித்துக் கொடுத்து ஆறையும் வாங்கிவிட்டேன், ஜெயராணிதான் ஐஸ் டப்பாவில் கொண்டுவந்தாள். பதிமூன்றாவது பேனாவில் மூன்று நாள் ஊசி போட்டிருந்தோம். முப்பதாம் தேதி விடிகாலையில் 'தானே' என்று பெயர் வைத்த புயல் வந்தது.

கூரை போனது. நாங்கள் கட்டிலுக்கடியில் கிடந்தோம். கரண்டு கம்பம் ஒன்றுகூட நேராக நிற்கவில்லை, பத்து நாளோ இருபது நாளோ ஆகும் என்றார்கள். ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தேன், குளிர்ச்சி போய்க்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கூரைக்குக்கூட நான் அழவில்லை.

"ஐஸுக்கா நமக்குப் பஞ்சம்?" என்றார் இவர்.

மரம் விழுந்து கிடந்த தெருக்களில் நடந்தே துறைமுகத்துக்குப் போனார். ஐஸ் கம்பெனி அறையில் கரையாமல் இருந்த ஒரு பெரிய ஐஸ் பாரில் பாதியைக் கேட்டு வாங்கித் தோளில் சுமந்து வந்தார். நுணுக்கி, கல்லுப்பு கலந்து, தெர்மோகோல் பெட்டியில் பேனாக்களைக் கேரளா மீன் மாதிரி அடுக்கி மூடினார். தோள் சிவந்து கன்றியிருந்தது. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அன்றைக்கு அலைச்சலில் ஊசி விட்டுப்போனது. மறுநாள் சாயங்காலம் ஊசி போடப் பேனாவை எடுத்தார். மருந்து கட்டியாகி இருந்தது. உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றினார். இளகியதும் உள்ளே வெள்ளை வெள்ளையாகத் திப்பி மிதந்தது. ஆறிலும் அப்படித்தான். உறைந்தால் வீண் என்று அட்டையிலேயே போட்டிருக்கிறதாம், பக்கத்து வீட்டு டீச்சர் படித்துச் சொன்னார். ஃப்ரீஸரில் வைக்காதீர்கள் என்று ஜெயராணியும் சொல்லியிருந்தாள். ஃப்ரீஸர் என்றால் ஃப்ரிட்ஜின் மேல் தட்டு என்றுதான் நாங்கள் நினைத்தோம். உப்புப் போட்ட ஐஸ் அதைவிடக் குளிரும் என்பது ஊரில் எல்லோரையும்விட இவருக்குத்தான் தெரியும். தெரிந்ததுதான் கெடுத்தது.

பஸ் ஓட ஆரம்பித்ததும் சிதம்பரத்துக்குக் கிளம்பினோம். வழியில் இவர் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார்.

"கடையில நான் பேசிக்கறேன். நீ வாயத் தொறக்காத."

சிதம்பரத்தில் புயல் அவ்வளவாக அடிக்கவில்லை, கடைகளில் விளக்கு எரிந்தது. சுப்பராயலு பேனாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"என்னங்க இது, எப்படி வச்சிருந்தீங்க?"

"நாங்க ஒண்ணும் பண்ணல சார். வரும்போதே உறைஞ்சிதான் வந்துது. ஒண்ணுல மூணு நாள் போட்டப்புறந்தான் திப்பியப் பாத்தோம், நாலு நாளா ஊசி இல்ல" என்றார் என் வீட்டுக்காரர். "நாப்பது வருஷம் ஐஸ்ல நின்னவன் நான். உறைஞ்சது எது, உறையாதது எதுன்னு எனக்குத் தெரியாதா?"

ஒரு மீன் நாறினால்கூட, நாறுது எடுக்காதே என்று வியாபாரியிடம் சொல்லிவிடுகிற மனுஷன். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஐஸை வைத்தே சொன்னார்.

சுப்பராயலு நம்பிவிட்டார். ஜெயராணியைக் கூப்பிட்டார். "கம்பெனிக்காரன் இத திருப்பி எடுக்க மாட்டான். உன் சம்பளத்துல மாசம் ஆயிரம் புடிச்சிக்கறேன், என்னா?" என்று சொல்லிக்கொண்டே புதுப் பேனா ஆறையும் எடுத்து ஐஸ் டப்பாவில் வைத்து எங்கள் பக்கம் தள்ளினார்.

அந்தப் பெண்ணுக்குச் சம்பளமே மூவாயிரத்து ஐந்நூறு. சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன், சத்தியமாகச் சொல்கிறேன். அவள் என்னைத்தான் பார்த்தாள்.

"மன்னிச்சிடுங்கம்மா. அன்னிக்கு ஐஸ் கொஞ்சம் ஜாஸ்தியா வச்சிட்டேன் போல. பஸ் வேற வழியில நின்னுச்சு. நடுவுல நாலு நாள் ஊசி விட்டுப் போச்சே, முதுகு வலிக்குதாம்மா?"

டப்பா என் கைக்கு அரை முழத்தில் இருந்தது. எனக்கு வேண்டும் என்றிருந்தது. படுத்த படுக்கையாகி, மலம் மூத்திரத்துக்கு இன்னொருவர் கையை எதிர்பார்த்துக் கிடக்கிற பயம் எனக்குத் தெரியும். ஆனாலும் டப்பாவைத் திருப்பி சுப்பராயலு பக்கமே தள்ளிவிட்டேன்.

"அந்தப் பொண்ணு மேல எழுதாதீங்க சார். எங்க வூட்லதான் உறைஞ்சிது. கரண்டு இல்லன்னு நாங்கதான் உப்பு போட்டு ஐஸ்ல வச்சோம்."

இவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சுப்பராயலு திட்டவும் இல்லை, தரவும் இல்லை. ஆறையும் எண்ணி ஃப்ரிட்ஜுக்குள் வைத்தார். "ஒண்ணாவது காசு குடுத்து எடுத்துக்கறீங்களா?" என்று கேட்டார். எங்களிடம் பஸ் காசு போக அறுநூறு இருந்தது.

கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தோம். புதுச்சத்திரம் தாண்டியதும் ரெண்டு பக்கமும் மரங்கள் வேரோடு கிடந்தன. இவர் மடியில் வைத்திருந்த கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்காகத் தன் பெயரைக் கெடுத்துக்கொண்டவரை அத்தனை பேர் முன்னால் பொய்யனாக்கிவிட்டேன். அந்தப் பாவம் எனக்குத்தான்.

ஆலப்பாக்கம் வந்தபோது மெதுவாகக் கேட்டார்.

"இதுவரைக்கும் எத்தினி ஊசி போட்டிருக்கோம்?"

"முந்நூத்தி முப்பத்தொம்பது."

"அதெல்லாம் எலும்புக்குள்ள போனது போனதுதான? நிறுத்திட்டாலும் அது அப்படியே இருக்கும் இல்ல, செல்லாயி?"

"அது எங்க போவும்?" என்றேன். "அப்படியேதான் இருக்கும். டாக்டரே சொன்னாரு."