காம்பில் இரண்டு இலைகள்

உலர்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் அந்தக் கூடத்தில் ஒட்டுகிற வேலை செய்பவளுக்குப் பசை என்றே பட்டப்பெயர். கை நிதானம், வாய்தான் ஓயாது. அவள் திடீரென்று பேச்சை நிறுத்தியதும், எதிர் மேசையிலிருந்த தாவரவியலாளர் நிமிர்ந்து பார்த்தார். கூடம் முழுக்க அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அக்கா, இதக் கொஞ்சம் பாருங்க. உங்க கையெழுத்துதான்."

பதினோரு வருடத்துக்கு முந்தைய தாள். ஆற்றோரச் சரிவில் பறித்த குளோவர், மும்மூன்று இலையாகத் தரையில் படரும் சிறு செடி. மூலையில் அக்கா எழுதியிருந்தார்: சாதாரண வெள்ளைக் குளோவர். காகிதப் பட்டைக்கு அடியில் மடிந்து கிடந்த ஒரு பூக்காம்பை ஈரத்துணி வைத்து இளக்கி நிமிர்த்தியிருந்தாள் பசை. பூங்கொத்துக்குச் சற்றுக் கீழே, அதே காம்பில், எதிரெதிராக இரண்டு இலைகள்.

அக்கா தாளைத் தன் பக்கம் இழுத்தார். வெள்ளைக் குளோவரின் பூக்காம்பு, தரையில் ஓடும் தண்டிலிருந்து நேராக எழும்பும். மொட்டைக் காம்பு, ஓர் இலைகூட இருக்காது. இப்படி இரண்டு இலை தாங்குவது இந்த மண்ணுக்கே உரிய காட்டுக் குளோவர். லென்ஸை எடுத்தார். பூவின் அடியிலிருந்த பச்சைக் கிண்ணத்தில் மெல்லிய ரோமம். வெள்ளைக் குளோவருக்கு அது வழவழப்பாக இருக்கும்.

"நான் ஏதும் தப்பாப் பாத்துட்டேனா?"

"நீ பாத்தது சரி. நான் எழுதினதுதான் தப்பு."

அந்தச் சரிவில் பஸ் டிப்போ கட்டலாமா என்று பார்த்துச் சொல்லத்தான் அவரை அனுப்பியிருந்தார்கள். மூன்று நாள் வேலை. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் அது. ஒரே மதியத்தில் முடித்துக்கொண்டு ஓடினார். மூன்று இலை, வெள்ளைப் பூ, படரும் தண்டு, அது போதுமென்று தோன்றியது. காட்டுக் குளோவருக்கும் படரும் தண்டு உண்டு என்பது அவருக்குத் தெரியாததல்ல. 'குறிப்பிடும்படி எதுவுமில்லை' என்று அறிக்கை கொடுத்தார். காட்டுக் குளோவரை அதன் பிறகு எவரும் எங்கும் பார்க்கவில்லை.

கூடத்தின் இயக்குநரிடம் தாளைக் கொண்டுபோனார். அவர் அதைத் தொடவே இல்லை.

"டிப்போ கட்டிப் பத்து வருஷமாச்சும்மா. இப்ப யாரு கேட்டா? உள்ள வைங்க. உங்க பேருதான் கெடும்."

"கெடட்டும் சார். தாள்ல பொய் இருக்கக் கூடாது."

அன்றே திருத்தச் சீட்டு எழுதினார். யார் தவறாக எழுதியது என்ற இடத்தில் தன் பெயரையே போட்டார். பசை அதைத் தாளில் ஒட்டினாள்.

அக்காவின் தம்பி அந்த டிப்போவில்தான் டிரைவர். சாயங்காலம் அவன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து சொன்னார்.

"டிப்போ வரலைன்னா எனக்கு வேலை ஏதுக்கா?" என்றான் அவன், முகம் சுருங்கி.

"உன்னக் குத்தம் சொல்லலடா. நான் ஒழுங்காப் பாத்திருந்தா நூறடி தள்ளிக் கட்டியிருப்பாங்க. அவ்வளவுதான்."

அவன் சாப்பிட்டு முடித்தான். கை கழுவிக்கொண்டே சொன்னான்: "நாளைக்கு எனக்கு மதியம்தான் டியூட்டி. காலைல வா. பின்சுவர்ப் பக்கம் பச்சையா ஏதோ கிடக்கு."

பஸ் கழுவும் இடத்துக்குப் பின்னால், சுவருக்கும் சாக்கடைக்கும் நடுவே ஒரு முழ அகலத்தில் குளோவர் படர்ந்திருந்தது. வெள்ளைப் பூக்கள். "அதோ!" என்று தம்பிதான் முந்தி ஓடினான்.

டீசல் கறுத்த மண்ணில் அக்கா முட்டி போட்டார். ஒவ்வொரு காம்பாக அடிவரை விரலை ஓட்டிப் பார்த்தார். நாற்பதுக்கு மேல் இருக்கும். எல்லாம் மொட்டை. கிண்ணங்கள் வழவழவென்று இருந்தன.

"அதுதானாக்கா?"

"இல்லடா. வெள்ளைதான்."

"பிடுங்கிப் போட்டுடவா?"

"வேணாம். அது என்ன பாவம் பண்ணுச்சு."

அவனும் பக்கத்தில் குந்தினான். "அன்னிக்கு நான்தானே உனக்கு போன் பண்ணி உடனே வான்னேன். நீ வந்து ஒரு மணி நேரத்துல அம்மா போயிட்டாங்க."

"ஓடி வந்ததுக்கு நான் வருத்தப்படலடா. காரியமெல்லாம் முடிஞ்சப்புறமாவது திரும்பப் போய்ப் பாத்திருக்கணும். போகல."

தம்பி ஒரு பூவை விரலால் தொட்டான். "அது எப்படி இருக்கும்னு காட்டு. ரூட்ல போறப்ப பாக்கறேன்."

அக்கா ஒரு பூவைக் கிள்ளி, அதன் கழுத்துக்குக் கீழே இரண்டு இலைகளை வைத்துப் பிடித்துக் காட்டினார். "பாத்தா பறிச்சிடாத. இடத்த மட்டும் சொல்லு."

அவன் பறிப்பதில்லை. எந்த நிறுத்தம், எந்த வேலி ஓரம் என்று போனில் சொல்வான். இதுவரை ஏழு இடங்களுக்கு அக்கா போய்வந்துவிட்டார். ஏழும் வெள்ளைதான். இப்போதெல்லாம் முட்டி வலிக்கிறது. மடித்த சாக்கு ஒன்றைப் பையில் வைத்துக்கொள்கிறார்.