ராஜமேரி எடுத்துவிட்ட வரி

1

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொன்ன சங்கதிதான் இந்தக் கதை. 1988இல் அதியமான்கோட்டைப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலை, அங்கே ஒரு கணிப்பொறி, அதற்குள் மாட்டிக்கொண்ட ஒரு ரகசியச் சொல். கண்ணுக்கே தெரியாததை வைத்துக் கதை எழுதக் கிளம்பிய என் புத்தியை என்ன சொல்ல?

"ராஜமேரி திரையைப் பார்த்தாள். திரையும் அவளை..." சே!

2

நேராகவே சொல்கிறேன். ஏற்றுமதி விலைகளைப் பூட்டிவைக்க, ஆலையின் கணிப்பொறியைப் பார்த்துக்கொண்ட ராஜமேரி ஒரு நிரல் எழுதினாள். ரகசியச் சொல்லை அடித்தால் திறக்கும். திறந்த கையோடு, நினைவகத்தில் அந்தச் சொல் கிடந்த இடத்தை அழித்துவிடவும் ஒரு வரி எழுதியிருந்தாள். அதனால் விலை பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அவளே வந்து மறுபடி அடிக்கவேண்டும். முதலாளி சென்னப்பனுக்கு அது பொறுக்கவில்லை.

"தடவைக்குத் தடவை உன்னைக் கூப்பிட்டு அடிக்கச் சொன்னா பழம் அழுவிப் போயிரும்மா. அந்த வரிய எடுத்துடு."

எடுத்தாள். இனி ஒருமுறை அடித்த சொல் உள்ளேயே கிடக்கும். மெஷினை அணைத்தாலாவது அழியும். சீசன் முடியும்வரை பாய்லரை அணைக்காத மனிதர், கணிப்பொறியையும் அதோடு சேர்த்துவிட்டார். (இதை நானாக இட்டுக்கட்டினேனா? ஆமாம், அதற்கென்ன?)

3

விலை போட்டிக்காரனுக்குப் போய்விட்டது.

"அந்தச் சொல்லு உனக்கு மட்டும்தானே தெரியும்?" என்றார் சென்னப்பன்.

"மெஷின்ல உக்காந்த யாரு வேணா எடுத்திருக்கலாங்க. உள்ள அப்படியே கெடக்குதுங்க."

அவளுக்கு இந்த வேலையை வாங்கிக்கொடுத்த அண்ணன் யாகப்பன், அங்கேயே சூப்பர்வைசர். "அப்ப காட்டிடு மேரி. காட்டிட்டு வூட்டுக்குப் போலாம்."

நினைவகத்தைத் திரையில் கொட்டும் கட்டளையை அடித்தாயிற்று. என்டரைத் தட்டவேண்டியதுதான். ஆனால் அந்தச் சொல் ஓர் ஆணின் பெயர். யாகப்பனுக்குத் தெரிந்த ஆள்தான். சாமி வேறு, சாதி வேறு. தெரிந்தால் இருவரையும் சும்மா விடமாட்டான்.

[அடிக்குறிப்பு: போயும் போயும் அதையா வைத்தாள் என்று நானும் தலையில் அடித்துக்கொண்டேன். யாரிடமும் சொல்ல முடியாத பெயரை விரலாலாவது சொல்லிப்பார்க்க அவளுக்கு வேறு இடமில்லை.]

4

முடிவு ஒன்று: தட்டுகிறாள். திருட்டுப் பட்டம் போகிறது. வீட்டுக்குப் போன பிறகு... எழுதக் கை வரவில்லை.

முடிவு இரண்டு: சுவிட்சை அணைக்கிறாள். அவன் பிழைத்தான். இவள் திருடி.

மூன்றாவதாகக் கரண்டைப் போகச் செய்தேன். எங்கள் பக்கத்தில் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். எனக்கே வெட்கமாக இருந்தது, அதைக் கோடு போட்டு அடித்துவிட்டேன்.

அவள் விரல் இன்னும் என்டர் மேல்தான் இருக்கிறது. எனக்குத் தெம்பில்லை, நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். அவன் பெயரை மட்டும் கேட்காதீர்கள். முதல் பிரதியில் எழுதியிருந்தேன், கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். இதைப் படிக்கிறவர்களில் யாகப்பனும் இருக்கலாம்.